குண்டு விழாத வயல் ஏன் தரிசாகிறது?

மும்பை மாட்டுங்காவில் தங்கிப் பொருளாதாரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "உள்நாட்டுப் போரில் நேரடியாகச் சண்டை நடக்கும் இடம் கொஞ்சம்தானே? பெரும்பாலான வயல்களில் ஒரு குண்டுகூட விழுவதில்லை. அப்படியும் அந்த விவசாயப் பகுதி ஏன் படுத்துவிடுகிறது? சண்டை நின்றால் எத்தனை வருடத்தில் எழுந்திருக்கும்?"

நான் பேராசிரியர் இல்லை. மும்பையின் தானிய மார்க்கெட் மஸ்ஜித் பந்தர் பக்கம் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்து, அது வாஷிக்கு மாறியபோது கூடவே மாறி, பருப்பு புரோக்கர் அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். எங்களுக்கு உளுந்து பர்மாவிலிருந்து வரும், துவரையில் ஒரு பகுதி மொசாம்பிக்கிலிருந்து வரும், பிசின் சூடானிலிருந்து வரும். மூன்றும் உள்நாட்டுப் போரைப் பார்த்த நாடுகள், இரண்டில் இன்னும் ஓயவில்லை. அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வயல் கெடுவது கடைசியில்தான். அதற்கு முன்னாலேயே மூன்று விஷயம் கெட்டுப்போகும்: பாதை, நாள்கணக்கு, முன்பணம். இந்த மூன்றில் முன்பணத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்.

இதை எனக்கு முதலில் புரியவைத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர். 1990களின் நடுவில் கனடா போக ஏஜெண்டை நம்பி மும்பையில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார். கைச்செலவுக்காக எங்கள் அலுவலகத்தில் கணக்கெழுதினார். அவருடைய அப்பா வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போட்டவர். நமக்கு ஏக்கர், அவர்களுக்குப் பரப்பு. பதினாறு பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். பத்துப் பரப்புத் தோட்டத்தை வைத்து நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்ததாகச் சொல்வார்.

அது எப்படிச் சாத்தியமானது என்று பார்க்க, போருக்கு முன்னால் போகவேண்டும். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. இலங்கை முழுவதுக்கும் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் விற்றார். ஆறே இல்லாத தீபகற்பம் அது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே எல்லாப் பயிரும். துலா (நம் ஊர் ஏற்றம்) மிதித்து இறைத்த இடத்தில் மண்ணெண்ணெய் பம்ப் வந்திருந்தது. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது, விலை சரிந்தது. அந்த வெளிச்சரக்கில் இந்திய மிளகாயும் உண்டு. அண்ணர் இதைச் சொன்னபோது என் முதலாளி மேசையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஆக, போர் தொடங்கிய 1983க்கு முன்பே அந்தத் தோட்டக்காரர் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தார். போர் வந்து விழுந்தது ஏற்கெனவே இளைத்திருந்த உடம்பில். எந்த நாட்டுப் போரை எடுத்தாலும் இந்த முன்கதையைத் தேடிப் பாருங்கள், ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் வடக்குக்கு அரசின் பொருளாதாரத் தடை. தடைப் பட்டியலில் எரிபொருள், சிமென்ட், பேட்டரி எல்லாம் இருந்தன. யூரியாவும் இருந்தது, வெடிமருந்து செய்யலாம் என்பதால். ஒரு தோட்டக்காரன் கண்ணால் இதைப் பாருங்கள். மண்ணெண்ணெய் கள்ளச்சந்தையில் பல மடங்கு. பம்ப் ஓடாது. வெங்காயத்துக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கட்டவேண்டும், பயிரோ தடை நீங்கும்வரை காத்திருக்காது. நாள்கணக்கு கெடுவது என்று சொன்னது இதைத்தான். சரி, பழைய துலாவைத் தூசி தட்டி எடுக்கலாம் என்றால் துலா மிதிக்க ஆள் வேண்டும். இளைஞர் பாதிப்பேர் இயக்கத்தில், மீதிப்பேர் வெளிநாட்டில். அப்பாவும் அம்மாவும் இறைத்தால் இரண்டு பரப்புக்கு மேல் முடியாது. மீதி எட்டுப் பரப்பும் தரிசு. அந்த எட்டுப் பரப்பில் ஒரு குண்டும் விழவில்லை.

விலை எப்படி நடந்துகொண்டது என்பது இன்னும் விசித்திரம். தடை வந்தால் எல்லாமே விலை ஏறும் என்றுதானே நினைப்போம்? உள்ளே வரவேண்டியதெல்லாம் ஏறியது. வெளியே போகவேண்டியதோ, போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி விலை இறங்கியது. ஒரே வெங்காயம் கொழும்பில் பொன்விலை, யாழ்ப்பாணத்தில் அடிமாட்டு விலை. தீபகற்பத்தைத் தெற்கோடு இணைக்கும் ஆனையிறவுப் பாதை அடைபட்டு, ஜனங்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்த காலம் அது. கடற்படை சுட்டு எத்தனையோ பேர் அந்தத் தண்ணீரிலேயே போனார்கள். உயிரைப் பணயம் வைத்துக் கடக்கும் படகில் யார் வெங்காய மூட்டை ஏற்றுவார்? விவசாயி இரண்டு பக்கமும் அடிவாங்கினார், வாங்கும்போதும் விற்கும்போதும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த கெடு இரண்டே மணி நேரம். மனிதக் கொடுமை என்பது ஒருபுறம் இருக்கட்டும், தம்பியின் கேள்விக்கு வேண்டிய பகுதி இது: கடை, தையல், பழைய இரும்பு, மாட்டு வியாபாரம் என்று வணிகச் சங்கிலியின் பல கண்ணிகளில் இருந்தவர்கள் இரண்டே வாரத்தில் இல்லாமல் போனார்கள். கொடுக்கல் வாங்கல் நோட்டில் ஒருபக்கம் கிழிந்துபோனால் மறுபக்கத்துக்கும் மதிப்பில்லை. போதாததற்குப் புலிகளின் வரியும், பிணை நிற்க ஆள் இருந்தால்தான் ஊரைவிட்டு வெளியேறலாம் என்ற பாஸ் முறையும். ஆளும் சரக்கும் பணமும் தாராளமாக நடமாடாத இடத்தில் சந்தை என்று எதைச் சொல்வது?

இங்கே வழிச்செலவு பற்றி எங்கள் தொழில் ரகசியம் ஒன்று. ரகசியம் என்ன, மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளிக்கும் தெரிந்ததுதான். வழியில் சோதனைச்சாவடிக்குச் சாவடி பணம் பிடுங்கினால் வியாபாரி அதைக் கையிலிருந்து கொடுப்பதாக வெளியாள் நினைப்பார். விலை முடிவாவது வாஷியில், அல்லது கொழும்பில். அங்கே நாலு நாட்டுச் சரக்கு போட்டிக்கு நிற்கும்போது, "என் சரக்குக்கு வழியில் பத்து இடத்தில் மாமூல் கொடுத்தேன்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்க முடியாது. ஆகவே வியாபாரி கணக்கைப் பின்னாலிருந்து போடுவார். இங்கே கிடைக்கும் விலையிலிருந்து லாரி, லஞ்சம், சரக்கே வராமல் போகும் அபாயம் என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார். கழித்து மிஞ்சுவதுதான் வயலில் சொல்லும் விலை. துப்பாக்கி வைத்திருப்பவன் லாரியை நிறுத்தி வாங்கினாலும் பணம் போவது விவசாயி மடியிலிருந்துதான்.

இப்போது முன்பணத்துக்கு வருகிறேன். விவசாயம் என்பது கடனில் ஓடும் தொழில். விதைக்கும்போது செலவு, அறுக்கும்போது வரவு, நடுவில் நாலு மாதம். அந்த நாலு மாதத்தை யாரோ ஒருவர் தாங்குகிறார்: கூட்டுறவுச் சங்கமோ, உரக்கடைக்காரரோ, சரக்கு வாங்கும் வியாபாரியோ. அவர் கொடுப்பது நிலத்தைப் பார்த்து மட்டும் இல்லை. நாலு மாதம் கழித்தும் இந்தப் பாதை திறந்திருக்கும், இந்த மனிதர் இதே ஊரில் இருப்பார் என்ற நினைப்பில் கொடுக்கிறார். போர் முதலில் தின்பது அந்த நினைப்பை. பீரங்கிச் சத்தம் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கேட்டாலே போதும், உரக்கடைக்காரர் "இந்தத் தடவை ரொக்கம்" என்பார். கையில் ரொக்கம் இல்லாதவர் நகையை அடகு வைப்பார், அடுத்த பருவத்துக்கு நகையும் இருக்காது. அப்புறம் உரமில்லாத பயிர், பிறகு வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் பயிர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விவசாயம் நடப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் சந்தைக்கு ஒரு மூட்டை வராது.

பர்மாவுக்குப் போவோம். தாராவியில் விடிகாலையில் இட்லி அவித்து அலுமினியப் பாத்திரத்தில் ஏற்றி நகரமெங்கும் சைக்கிளில் விற்கப் போகும் நம்மூர்க்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாவில் விழும் உளுந்தில் நல்ல பங்கு பர்மாவுடையது. அந்த நாட்டுக்காரர்கள் உளுந்தை அதிகம் சாப்பிடுவதில்லை, அவர்கள் பயிரிடுவதே இந்தியாவுக்கு விற்கத்தான். ஐராவதி டெல்டாவிலும் பகோ பக்கமும் நெல் அறுத்த ஈரத்தில் விதைத்து, பிப்ரவரி, மார்ச்சில் எடுப்பார்கள். நம் தஞ்சாவூரில் நெல் தரிசில் உளுந்து தெளிப்பதுபோலவே. 2021இல் இந்திய அரசு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் ஐந்து வருடம் அங்கிருந்து வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது.

அதே 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு போருக்குள் போனது. உளுந்து வராது என்றுதான் மார்க்கெட்டில் எல்லாரும் நினைத்தோம், நானும் நினைத்தேன். வந்தது. சில மாதம் விலை குதித்தது, கப்பல் தாமதமானது, ஆனால் வரத்து நிற்கவில்லை. யாழ்ப்பாண வெங்காயத்துக்கும் பர்மா உளுந்துக்கும் என்ன வித்தியாசம்? உளுந்து விளையும் டெல்டாவில் சண்டை குறைவு, துறைமுகம் ராணுவத்தின் கையில், அந்தச் சரக்கு கொண்டுவரும் டாலர் அதே ராணுவத்துக்குத் தேவை. துப்பாக்கி வைத்திருந்த யாருக்கும் வெங்காயம் அந்த அளவு தேவைப்படவில்லை. ஒரு பயிர் போரில் பிழைக்குமா என்று என்னைக் கேட்டால், மண்ணையும் மழையையும் விசாரிப்பதற்கு முன்னால் அந்தப் பயிரால் யாருக்கு வருமானம் என்று விசாரிப்பேன்.

பிழைத்ததே தவிர, விவசாயி செழித்தார் என்று நினைக்கவேண்டாம். ஆட்சி மாறியதும் வங்கிகளில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு, ஏடிஎம் வாசலில் விடிய விடிய வரிசை. வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்துக்கும் கையில் இருக்கும் நோட்டுக்கும் வேறுவேறு விலை ஆனது. 2022 ஏப்ரலில் டாலர் வரவை அரசு சொல்லும் விலைக்கு மாற்றித்தான் ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த ஆகஸ்டிலிருந்து அரசு விலை டாலருக்கு 2,100 க்யாட் (பர்மா நாணயம்), வெளிச்சந்தையிலோ பிறகு 4,000ஐயும் தாண்டிப் போனது. ஏற்றுமதியாளர் கட்டாயமாக மாற்றவேண்டிய பங்கு அவ்வப்போது மாறியது. எதுவானாலும் அந்த இடைவெளியில் போன காசு மேலே சொன்ன பின்கணக்குப்படி வயலில்தான் கழிந்தது. உரமும் டீசலும் இறக்குமதி, அதற்கு மட்டும் வெளிச்சந்தை டாலர். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்தினார்கள். பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது ஆண்கள் பலர் தாய்லாந்துக்கு ஓடினார்கள். உளுந்து பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு ரங்கூன் புரோக்கர்களிடமிருந்து எங்களுக்கும் வந்தது. சண்டை உக்கிரமான சகாயிங் பக்கத்தில் கிராமங்களையே எரித்தார்கள், துவரையும் கடலையும் விளைகிற வறண்ட பூமி அது.

இதே டெல்டாவில் முன்பணக் கதைக்கு நம்மவர் சம்பந்தம் ஒன்று உண்டு. 1930களில் அரிசி விலை வீழ்ந்து கடன் திரும்பாமல் போனதில், கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அந்தப் பத்தாண்டின் கடைசியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது நம் ஜனங்கள் காடு வழியே நடந்து இந்தியா திரும்பினார்கள். கடன் கொடுத்தவரை அந்த ஊர் விவசாயி நேசித்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். நேசித்தாரோ வெறுத்தாரோ, விதைப்பு முதல் அறுப்புவரை தாங்கிய கை போய்விட்டது.

அந்தக் கை இல்லாத இடத்தில் யார் நுழைகிறார் என்பதற்கும் பர்மாதான் உதாரணம். 2023இல் ஆப்கானிஸ்தானை முந்தி உலகத்திலேயே அதிகமாக அபின் விளைகிற நாடாக அது ஆனது. ஐநா மதிப்பீடு ஏறக்குறைய 1,080 டன். தாலிபான் தடைபோட்டதால் ஆப்கானிஸ்தான் இறங்கியது ஒரு காரணம். மலைநாட்டு விவசாயி பக்கமிருந்து பார்த்தால் வேறு காரணமும் தெரியும். ஒரு மூட்டை சோளத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக நல்ல பாதை வேண்டும். அபின் பிசினை முதுகுப்பையில் கொண்டுபோகலாம், கெட்டுப்போகாது. அதைவிட, வாங்குகிறவன் வாசலுக்கே வருவான், விதைக்கும் முன்பே பணமும் கொடுத்துவிட்டுப் போவான். போர் அழித்த பாதை, சந்தை, முன்பணம் மூன்றையும் ஒரே ஆள் கொண்டுவந்து தருகிறான். அந்த விவசாயியைப் பேராசைக்காரன் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

சூடானைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகச் சந்தைக்கு வரும் அரபுப் பிசினில் பெரும்பங்கு அந்த நாட்டுடையது, குளிர்பானம் முதல் மாத்திரை வரை அது இல்லாமல் ஆகாது. 1997இல் அமெரிக்கா சூடான் மேல் தடை விதித்தபோதும் பிசினுக்கு விலக்கு கொடுத்தது. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரிலும் பிசின் ஏதோ வழியில் கசிந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் நீலநைல் வாய்க்கால் பாயும் கெசிரா பாசனப் பகுதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அதன் முக்கிய நகரமான வாத் மதனி துணை ராணுவப் படையின் கைக்குப் போனது. டிராக்டரும் விதைக்கிடங்கும் கொள்ளை போயின, ஜனங்கள் ஓடினார்கள். வாய்க்காலில் வருடாவருடம் வண்டல் வாரவேண்டும். இரண்டு வருடம் வாராமல் விட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. காவிரி பார்த்தவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

விதையும் அப்படித்தான். சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் வறண்ட நிலப் பயிர்களுக்கான ஆராய்ச்சி மையத்தின் விதை வங்கி இருந்தது. போரில் அதை நடத்த முடியாமல் போய், நார்வேயின் ஸ்வால்பார்ட் பனிக்கிடங்கில் போட்டுவைத்திருந்த தங்கள் விதைகளை 2015இல் திரும்ப எடுத்தார்கள். அந்தக் கிடங்கிலிருந்து விதை எடுத்தது அதுவே முதல் தடவை. ஆனால் கிராமத்தில் குதிரில் இருந்த விதை போனால் அதற்கு நார்வேயில் நகல் கிடையாது.

இனி இரண்டாவது கேள்வி, எத்தனை வருடம்? ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு கடிகாரம். உளுந்து, கீரை என்றால் ஒரு பருவம் போதும். தென்னைக்கு ஐந்தாறு வருடம். பதுங்குகுழி கட்ட வடக்கில் வெட்டித் தள்ளிய பனைகளுக்கு மாற்றாக இன்று நட்டால் நட்டவர் பிள்ளைதான் நுங்கு சாப்பிடும். கண்ணிவெடி எடுப்பது அதைவிட மெதுவான வேலை. மொசாம்பிக்கில் 1992இல் போர் முடிந்தது, கண்ணிவெடி இல்லாத நாடு என்று அறிவிக்க 2015 ஆனது. வெடி நிஜமாகவே இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. அந்த ஒற்றையடிப் பாதையில் புதைத்திருக்கிறார்களாம் என்று ஒருவர் சொன்னால் போதும், அந்தப் பக்கத்து வயல் மொத்தமும் கிடக்கும்.

பாதை திறந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். 2002 ஏப்ரலில் தெற்குக்குப் போகும் ஏ9 சாலை திறந்ததும் யாழ்ப்பாணத்துச் சரக்கு தெற்கே போனது உண்மை, தெற்கின் மலிவுச் சரக்கும் அதே லாரியில் திரும்பி வந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடினார்கள். 2009இல் போர் முடிந்தபின் வடக்கில் வங்கிகளும் லீசிங் கம்பெனிகளும் நுண்கடன்காரர்களும் வரிசையாகக் கடை திறந்தார்கள். முன்பணம் திரும்பிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அது பயிரின் நாலு மாதத்தைத் தாங்கும் பணம் இல்லை. வாராவாரம் வாசலில் வந்து நின்று தவணை கேட்கும் பணம். கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 2018இல் அரசே தலையிட்டு, வறட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

அந்த அண்ணர் ஒருவழியாக டொராண்டோ போய்ச் சேர்ந்தார். அவருடைய அப்பாவின் தோட்டம் பின்னாளில் ராணுவத்தின் பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிருந்தது. வலிகாமத்தின் நல்ல செம்மண்ணில் கணிசமான பகுதி அதற்குள் இருந்தது. 2013இல் அங்கே 6,000 ஏக்கருக்கு மேல் சுவீகரிக்க அறிவிப்பு ஒட்டினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தபோது அவருடைய பத்துப் பரப்பும் வந்தது. போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். கிணறு தூர்ந்திருந்தது, மண் அப்படியே சிவப்பாக இருந்தது, எல்லை வேலி இருந்த சுவடே இல்லை. பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்கே நிலம் என்ற இலங்கைச் சட்டத்திலிருந்து போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு 2016இல் விலக்கு கொடுத்திருக்கிறார்கள், அதனால் உரிமைக்கு ஆபத்தில்லை என்றார். குத்தகைக்கு ஒருவரைப் பேசியிருந்தாராம். அந்த ஆள் வெங்காயம் போடச் சம்மதித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "விதைவெங்காயக் காசை ஆர் முன்னுக்குத் தாறது?"